உபயம்: வேதியியல் துறை முன்னாள் மாணவர்கள்

தரச்சான்று தரும் நாக் (NAAC) குழு வரப்போகிறது என்றால்தான் பல கல்லூரிகளுக்குத் தங்களிடம் படித்துவிட்டுப் போனவர்களின் ஞாபகம் வருகிறது. தர மதிப்பீட்டுக்கு ஏழு அளவுகோல்கள். ஐந்தாவதில் முன்னாள் மாணவர்களுக்கென்று ஒரு பிரிவு உண்டு. பதிவு பெற்ற சங்கம் இருக்கிறதா, எத்தனை லட்சம் தந்திருக்கிறது என்று அதில் கேட்பார்கள். விழுப்புரம் வட்டாரத்துக் கல்லூரி ஒன்றில் சங்கம் அமைக்கும் பொறுப்பு வேதியியல் துறையின் இளைய பேராசிரியர் தலையில் விழுந்தது. துறைக் கூட்டத்துக்குத் தாமதமாக வந்தவர் அவர்தான்.

1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி, சங்கம் அமைக்க ஏழு பேர் போதும். ஆறு பேரைப் பிடித்தாயிற்று. ஏழாவது ஆளைத் தேடி ஊரெல்லாம் போன் போட்ட பிறகு, துறைத்தலைவரே அங்கே படித்தவர்தான் என்பது தெரியவந்தது.

ஆள் கிடைத்ததும் அடுத்த சிக்கல்: யார் எந்தப் பல்கலைக்கழகத்துப் பட்டதாரி? மூத்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகம். 2002இல் வேலூரில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் வந்ததும் அடுத்த தலைமுறை அந்தப் பக்கம் போனது. 2021இல் விழுப்புரத்துக்கே ஜெயலலிதா பெயரில் ஒரு பல்கலைக்கழகம் வந்தது. அதே ஆண்டு அதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கச் சட்டமும் வந்தது. எல்லோரும் உட்கார்ந்தது அதே பெஞ்சில்தான், பட்டச் சான்றிதழில்தான் ஊர் மாறியது. 'நம்ம யூனிவர்சிட்டி' என்று ஒருவர் ஆரம்பித்தால், 'எது?' என்று மூன்று பக்கத்திலிருந்து குரல் வரும்.

'புகழ்பெற்ற முன்னாள் மாணவர்கள்' என்று படிவத்தில் ஒரு பக்கம் இருந்தது. சென்னை மாநிலக் கல்லூரி இயற்பியல் துறைக்கு இதில் கவலையே இல்லை. 1930இல் நோபல் வாங்கிய சி.வி. ராமனும் அங்கே படித்தவர், 1983இல் வாங்கிய அவருடைய அண்ணன் மகன் சந்திரசேகரும் அங்கே படித்தவர். இங்கே கிடைத்தவர்கள் இரண்டு வி.ஏ.ஓ.க்கள், ஒரு சப்-இன்ஸ்பெக்டர், புதுச்சேரி மருந்துக் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி ஒருவர். அந்த அதிகாரி வருஷாவருஷம் இந்தத் துறைப் பிள்ளைகளைக் கூப்பிட்டு வேலை போட்டுக்கொடுக்கிறார். ஆனால் படிவம் கேட்பது லட்சத்தை; வேலைக்குப் போன பிள்ளைகளை அந்தக் கட்டத்தில் எழுத இடமில்லை.

அமெரிக்காவில் வில்லியம்ஸ் கல்லூரியின் தலைவர் மாணவர்களில் ஒரு பகுதியைக் கூட்டிக்கொண்டு ஆம்ஹர்ஸ்ட்டில் வேறு கல்லூரி தொடங்கப் போனபோது, 1821இல் பழைய மாணவர்கள் திரண்டு சங்கம் அமைத்துத் தாய்க் கல்லூரியைக் காப்பாற்றினார்கள். பேராசிரியர் இதை வாட்ஸ்அப் குழுவில் உருக்கமாக எழுதினார். பதிலாக இரண்டு காலை வணக்கமும், திண்டிவனம் பைபாஸ் அருகே மனை விற்பனை விளம்பரம் ஒன்றும் வந்தன.

முதல் பொதுக்குழுவுக்கு மண்டபம் பிடிக்கப் பணமில்லை. செஞ்சி போகிற வழியில் மண்டகப்பட்டில் கூடினார்கள். அங்கே ஏழாம் நூற்றாண்டில் பிரம்மா, சிவன், திருமால் மூவருக்கும் பாறையைக் குடைந்து கோயில் எடுத்த மகேந்திரவர்மன், செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் கட்டியதாகக் கல்வெட்டில் எழுதிவைத்திருக்கிறான். 'மத்தவிலாசம்' என்று நகைச்சுவை நாடகம் எழுதியவன் அல்லவா, இல்லாததைப் பட்டியல் போடுவதில் ஒரு குறும்பு தெரிகிறது. விசித்திரசித்தன் என்ற தன் பட்டப்பெயரையும் மறக்காமல் வெட்டிக்கொண்டான்.

ஓய்வு பெற்ற மூத்த மாணவர் ஒருவர் சொன்னார்: "தம்பி, சார், ரூம் இல்ல, ஃபண்ட் இல்ல, அட்ரஸ் ரெஜிஸ்டர் இல்ல. இதெல்லாம் இல்லாம நாமளும் ஒண்ணு எடுத்திருக்கோம்னு படிவத்துல எழுதிடுங்க."

என்ன உபயம் செய்வது என்ற பேச்சில் மட்டும் எல்லாத் தலைமுறைக்கும் ஒரே ஞாபகம்: சால்ட் அனாலிசிஸ் நாளில் கிப் உபகரணத்திலிருந்து கிளம்பி, ஆங்கில வகுப்புவரை போகும் அழுகிய முட்டை நாற்றம். லேபுக்கு ஒரு பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் என்று ஒருமனதாக முடிவாயிற்று. பணம் போட்டது மூன்று செட். யார் பெயர் மேலே என்று மூண்ட சண்டையைப் பேராசிரியர்தான் தீர்த்தார்: இறக்கை மூன்று, ஆளுக்கு ஒன்று.

பெயின்ட் காய்ந்து சுவிட்சைப் போட்டதும் மூன்று பெயரும் சேர்ந்து ஒரே சாம்பல் வட்டமாகிவிட்டன. அவசரக் கூட்டம் கூடி, நாக் குழு லேபுக்குள் இருக்கும்வரை ஃபேனைப் போடக்கூடாது என்று தீர்மானம் நிறைவேற்றினார்கள். அன்றைக்கு இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு சால்ட் அனாலிசிஸ்.