வேர்க்காத பானை

மூண்டு நாளாய் உந்தப் பானையை விறாந்தையிலை மணவறைப் பொம்பிளை மாதிரி இருத்தி வைச்சிருக்கிறாய் மோனை. மயிலும் பூவும் கீறி, வார்னிஷும் பூசியிருக்கு. தண்ணிதான் வெயிலுக்கை கிடந்த வாளித் தண்ணி மாதிரிக் கிடக்கு. வித்தவன் நல்லாய்க் குளிரும் எண்டு சொன்னவனே? அவன் உன்ரை முகத்தைப் பார்த்திட்டுத்தான் விலையும் சொல்லியிருப்பான்.

வெளிப்பக்கம் தடவிப் பார். ஒரு பொட்டு ஈரமில்லை. பானை எண்டால் வேர்க்கவேணும். கண்ணுக்குத் தெரியாத துளையளாலை தண்ணி கசிஞ்சு வந்து காற்றிலை ஆவியாகேக்கை, உள்ளுக்கை கிடக்கிற சூட்டையும் இழுத்துக் கொண்டு போகும். நீ மேலதிகக் காசு குடுத்து அந்தத் துளையை அடைப்பிச்சு வாங்கியிருக்கிறாய். சோளகம் அடிக்கேக்கையே குளிராதது, மார்கழி ஈரக் காற்றிலை என்ன செய்யப் போகுது?

எங்கடை நீர்வேலிச் செம்பாட்டு மண் வாழைக்குத்தான் நல்லது. சட்டி வனையப் போனால் கையிலை பொலபொலத்துப் போகும். குயவனுக்குக் குளத்துக் களி வேணும். வெறும் களி காயேக்கை வெடிக்கும் எண்டு மணல் கலப்பான். உமி கலந்தால் சூளையிலை உமி எரிஞ்சு, அது இருந்த இடமெல்லாம் துளையாய் நிக்கும். ஆனால் களிக்கை ஒரு சுண்ணாம்புக் கல்லுத் துண்டு அம்பிட்டுதோ, சனியன் பிடிச்ச மாதிரித்தான். 900 பாகையளவிலை அது சுட்ட சுண்ணாம்பாய் மாறும். பிறகு ஈரம் பட்டு ஊதி, பானையின்ரை வயிற்றிலை சில்லுச் சில்லாய்க் கழட்டும். யாழ்ப்பாணக் குடாநாடே சுண்ணாம்புக் கல்லிலை கிடக்கேக்கை, களியை அரிச்செடுக்காத குயவன் பாடு என்னெண்டு யோசி.

நெருப்பும் அளவாய் வேணும். 600 பாகையைத் தாண்டாட்டில் பானை தண்ணியிலை திரும்பவும் களியாகும். 1100, 1200 எண்டு ஏத்தினால் மண் கண்ணாடிப் பதமாகி, துளையளும் மூடுப்படும். அதைத் தட்டினால் கோயில் மணி மாதிரிக் கணீர் எண்டு கேக்கும். நீயும் தட்டித் தட்டித்தானே வாங்கினனி? கணீர் எண்டதைக் கேட்டு வாயைப் பிளந்திருப்பாய்.

இனி மண் வடிகட்டிச் சட்டியும் வாங்கப் போறியாம். அது நல்ல சாமான்தான். 1981இலை குவாத்தமாலாவிலை பெர்னாண்டோ மசரியேகோஸ் எண்ட ஒருத்தர் உருவாக்கினது. களியோடை மரத்தூளோ உமியோ கலந்து சுட்டு, வெள்ளியும் பூசுவினம். மணித்தியாலத்துக்கு ரெண்டு லீற்றர் சொட்டினால் காணும். குடுகுடெண்டு வடிஞ்சால் துளை பெரிசு, கிருமியும் கைவீசிக்கொண்டு கூடவே வரும்.

ஆனால் மோனை, தண்ணியிலை கரைஞ்சு நிக்கிற நைத்திரேற்றை உந்தச் சட்டி மறிக்காது. காய்ச்சினாலும் போகாது. பசளை ஊறுற எங்கடை தோட்டக் கிணறுகளிலை பயம் அதுதான்.

அது கிடக்கட்டும். நேற்று வாழைக்கு எத்தினை பை யூரியா போட்டனி?