ஆமைக்கு என்ன விருந்து?

ஏற்காட்டில் எங்கள் காப்பித் தோட்டம் முழுக்கச் சிள்வண்டு. பிடித்து வீட்டு ஆமைக்குப் போடலாமா?

முதலில், அது எந்த ஆமை? நட்சத்திர ஆமை என்றால் அது புல்லும் இலையும் தின்னும் பிராணி. வனவிலங்குச் சட்டப்படி அதை வளர்த்தால் கம்பி எண்ணப்போவது நீங்கள்! இன்றே வனத்துறையிடம் ஒப்படையுங்கள்.

கடையில் வாங்கிய சிவப்புக் காது ஆமை என்றால், குட்டியில் பூச்சியை ஆசையாகத் தின்னும். வளர வளரத் தழைக்கு மாறும். ஆனாலும் தோட்டத்துப் பூச்சி வேண்டவே வேண்டாம். செடிக்கு அடித்த மருந்து, பூச்சி வழியாக ஆமையின் வயிற்றுக்குப் போய்விடும். தவிர, சிள்வண்டில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. அதையே தினமும் கொடுத்தால் ஓடு கெட்டிப்படாது.

பெரிதானதும் ஏற்காடு ஏரியில் விட்டுவிடலாமா?

ஏரி உங்களுக்கு என்ன கெடுதல் செய்தது? மிசிசிப்பிக் கரையிலிருந்து வந்த இந்த ஆமை, உலகின் மிக மோசமான 100 அந்நிய ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் இருக்கிறது. நம் ஆமைகளின் இரையையும், வெயில் காயும் இடத்தையும் பறித்துக்கொள்ளும்.

பேத்தி அதற்கு முத்தம் கொடுக்கிறாளே?

உடனே நிறுத்துங்கள். குழந்தைகளுக்குச் சால்மோனெல்லா கிருமி தொற்றியதால்தான் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளின் விற்பனையை 1975இல் அமெரிக்கா தடை செய்தது. தொட்டாலே சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.