பைசா பிசகாத கணக்கு

ஒரு ரூபாய்கூடத் திருட்டுப் போகவில்லை. கமிஷன் யாரும் வாங்கவில்லை, போலி பில் ஒன்றுகூட இல்லை. எங்கள் கல்லூரியில் நடந்த சமுதாயக் கல்லூரித் திட்டத்தின் மானியக் கோப்பை எந்த ஆடிட்டர் முன்னாலும் தயங்காமல் வைக்கலாம். இப்படியொரு கோப்பு எளிதில் பார்க்கக் கிடைப்பதல்ல. அதை உருவாக்கியவர்களைப் பாராட்டாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை.

கோப்பைத் திறந்தால் முதலில் அனுமதி ஆணை. பின்னால் தொழில் நிறுவனத்தோடு போட்ட புரிந்துணர்வு ஒப்பந்தம், தனி வங்கிக் கணக்கு தொடங்கிய கடிதம், பர்சேஸ் கமிட்டியின் கூட்டக் குறிப்பு, மூன்று கொட்டேஷன், அவற்றை ஒப்பிட்ட அட்டவணை, சப்ளை ஆர்டர், பில். ஒவ்வொரு பில்லிலும் ஸ்டாக் ரெஜிஸ்டரின் பக்க எண், ‘பணம் வழங்கப்பட்டது’ முத்திரை, முதல்வரின் பச்சை மைக் கையெழுத்து. ஒயிட்னர் பட்ட இடம் ஒன்றுகூட இல்லை. கை தவறிய இடங்களில் ஒற்றைக் கோடு இழுத்து, பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்திருக்கிறார் எங்கள் கிளார்க் அம்மா. முப்பது வருஷம் ரெஜிஸ்டர் எழுதிய கை அது.

திட்டத்துக்குப் பொறுப்பான நோடல் ஆபீசர் இயற்பியல் பேராசிரியர். வாரத்துக்கு 16 மணி நேர வகுப்பு அவருக்கு அப்படியே இருந்தது, ஒரு மணி நேரம்கூடக் குறைத்துத் தரவில்லை. மத்திய அரசின் பி.எஃப்.எம்.எஸ். நிதி மேலாண்மைத் தளத்தில் செலவைப் பதிவேற்றும் வித்தையை யாரும் சொல்லித்தராமல், சர்வர் நெரிசல் தணிந்த பிறகு ராத்திரி உட்கார்ந்து தானே கற்றுக்கொண்டார். இதற்கென்று தனியாகப் பணம் அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அப்படியொரு தலைப்பு மானியத்தில் கிடையாது.

தலைப்பு என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மானியம் ஒரே மூட்டையாக வருவதில்லை. கருவி வாங்க ஒரு தலைப்பு, ஆசிரியர் ஊதியம் போன்ற தொடர்செலவுக்கு ஒரு தலைப்பு. ஒன்றில் மிஞ்சுவதை இன்னொன்றுக்கு எடுக்க முடியாது. எங்கள் பாடம் தையலும் ஆடை வடிவமைப்பும், ஒரு வருட டிப்ளமோ. பத்தாவதோடு நின்றுபோன பெண்களும், கல்யாணமாகிக் கைக்குழந்தையோடு இருந்தவர்களும் ஜூலையில் சேர்ந்தார்கள். பவர் மெஷினும் ஓவர்லாக்கும் வாங்கப் பணம் செப்டம்பரிலேயே வந்துவிட்டது.

இரண்டு வியாபாரிகள் கொட்டேஷன் கொடுத்தார்கள். மூன்றாமவர் கொடுக்கவில்லை. அவசரப்பட்டு யாரோ ஒருவரிடம் பெயருக்கு ஒரு லெட்டர்ஹெட் வாங்கிக் கோப்பில் சொருகிவிடுகிற வழக்கம் பல இடங்களில் உண்டு. எங்கள் அலுவலகம் அதைச் செய்யவில்லை. திரும்பவும் விளம்பரம், திரும்பவும் கால அவகாசம். அதற்குள் மார்ச் வந்தது. நிதியாண்டின் கடைசி மாதங்களில் அடித்துப்பிடித்துச் செலவழிப்பது நிதி ஒழுக்க மீறல் என்று 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளில் 62ஆம் விதி சொல்கிறது. அந்த விதியை நாட்டில் எத்தனை அலுவலகங்கள் மதிக்கின்றன? எங்கள் அலுவலகம் மதித்தது. கொள்முதலை நிறுத்திவைத்து, தொகையை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக அனுமதி கேட்டு எழுதியது. அனுமதி வந்தது, மூன்றாவது கொட்டேஷனும் வந்தது, ஆகஸ்டில் மெஷின்கள் வந்து இறங்கின. ஒவ்வொன்றின் மேசைக்காலிலும் வெள்ளைப் பெயின்டில் அழகாக எண் எழுதினார்கள்.

முதல் அணிப் பெண்கள் மே மாதமே டிப்ளமோ வாங்கிப் போயிருந்தார்கள். வருஷம் முழுக்க பிரவுன் பேப்பரில் வெட்டிப் பழகினவர்கள் அவர்கள். தையல் சொல்லிக்கொடுத்த ஆசிரியை தன் வீட்டு மிதிமெஷினை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்தார், அதில்தான் முறைபோட்டுத் தைத்தார்கள். அந்த மெஷின் ஸ்டாக் ரெஜிஸ்டரில் ஏறவில்லை. கல்லூரிப் பணத்தில் வாங்காததை அதில் ஏற்றக் கூடாது. ஆட்டோ வாடகைக்கும் வவுச்சர் இல்லை. ஆக, அந்த வருஷம் மாணவிகளுக்கு உண்மையில் உதவிய ஒரே கருவி எங்கள் கணக்கின் தூய்மையைச் சிறிதும் கெடுக்கவில்லை.

அந்த ஆசிரியைக்குத் தொடர்செலவுத் தலைப்பிலிருந்து ஊதியம். முதல் தவணை தீர்ந்துவிட்டது. கருவித் தலைப்பில் செலவாகாத பணம் நின்றதால் இரண்டாம் தவணை வரவில்லை. வராந்தாவில் ஒருநாள் அவர் நோடல் ஆபீசரை நிறுத்திக் கேட்டார்.

“சார், இந்த மாசமாவது சம்பளம் வருமா?”

“யூசி அனுப்பியிருக்கும்மா. அங்க பாஸானா வந்துடும்.”

“கணக்குல பணம் இருக்குன்னு சொன்னாங்களே சார்.”

“இருக்கும்மா. அது மெஷின் தலைப்பு. அதைத் தொட முடியாது.”

நோடல் ஆபீசர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அன்று தன் பர்ஸிலிருந்து இரண்டாயிரம் ரூபாய் எடுத்துக் கொடுத்தார். அது எந்தக் கணக்கிலும் இல்லை, திருப்பியும் கேட்கவில்லை. எந்த விதியும் அவரைச் செய்யச் சொல்லாத ஒன்றை அவர் செய்தார் என்பதையும் இந்தப் பாராட்டில் சேர்க்கிறேன்.

தொட முடியாத அந்தப் பணத்துக்கு வங்கி வட்டி போட்டது. அதே பொது நிதி விதிகளின் 230ஆம் விதிப்படி மானியத்தின் மேல் வரும் வட்டியை இந்தியத் தொகுப்பு நிதிக்குக் கட்டிவிட வேண்டும். எங்கள் அலுவலகம் அரசின் பாரத்கோஷ் இணையதளம் வழியாகப் பைசா சுத்தமாகக் கட்டியது, ரசீதும் கோப்பில் இருக்கிறது. ஆசிரியைக்குச் சம்பளம் நின்றிருந்த மாதங்களில் இந்திய அரசுக்கு எங்கள் ஊரிலிருந்து வரவு போயிற்று. யூசி என்கிற பயன்பாட்டுச் சான்றிதழுக்கு, நிதியாண்டு முடிந்து பன்னிரண்டு மாத அவகாசம் தருகிறது விதி. எங்களுடையது மே மாதமே போனது. அதற்கான படிவம் 12-ஏ, கிடைத்த பயன் என்ன என்றும் கேட்கிறது. மறு வருஷச் சான்றிதழில் ‘தையல் இயந்திரங்கள் வாங்கப்பட்டன’ என்று எழுதினார்கள். வாங்கப்பட்டன என்பது உண்மை.

இந்தியாவில் சமுதாயக் கல்லூரி 1995இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் கீழ் தொடங்கியது. அடுத்த ஆண்டு சென்னை மயிலை உயர்மறைமாவட்டம் சென்னையில் ஒன்றைத் தொடங்கியது. படிப்பை விட்டவர்களும் ஏழைப் பெண்களும் ஒரு வருஷத்துக்குள் கைத்தொழிலோடு வெளியே போக வேண்டும் என்பதுதான் நோக்கம். அவர்களுடைய ஒரு வருஷம் மிகவும் விலை உயர்ந்தது. மாமியாரிடம் சொல்லி, பிள்ளையை அக்கம்பக்கத்தில் விட்டு, கூலியை இழந்து வாங்கிய வருஷம் அது. மானிய ஆணையில் அந்தப் பங்களிப்புக்குத் தலைப்பு இல்லை. எங்கள் அலுவலகம் அரசின் பணத்தைப் பாதுகாத்த கவனத்தில் பாதியாவது அந்த வருஷத்துக்குக் கிடைத்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

 

இரண்டாம் அணிக்கு மெஷின்கள் இருந்தன. சம்பளம் வராத ஆசிரியை ஒரு பனியன் கம்பெனிக்குப் போய்விட்டிருந்தார். மூன்றாம் ஆண்டில் பாடமே நின்றது. மெஷின்கள் பூட்டிய அறையில் பாலித்தீன் உறைக்குள் இருக்கின்றன. வருஷத்துக்கு ஒருமுறை இருப்பைச் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. ஒரு குழு வந்து எண்ணி, நிலைச் சொத்துகளுக்கான படிவம் 22 பதிவேட்டோடு ஒப்பிட்டுக் கையெழுத்திடுகிறது. இதுவரை ஒரு பாபின்கூடக் குறைந்ததில்லை.

போன ஏப்ரலில் முதல் அணியில் படித்த பெண்கள் சிலர் சேர்ந்து வந்தார்கள். பக்கத்துப் பள்ளியில் சீருடை தைத்துத் தரும் ஆர்டர் பேசியிருந்தார்கள். மாலை நேரத்தில் அந்த மெஷின்களில் தைத்துக்கொள்கிறோம், வாடகையும் தருகிறோம் என்றார்கள். மானியத்தில் வாங்கிய சொத்தை வேறு பயனுக்குத் தர, பணம் தந்தவர்களின் ஒப்புதல் வேண்டும். அன்று மாலையே ஒப்புதல் கேட்டுக் கடிதம் தயாராகி, மறுநாள் பதிவுத் தபாலில் போனது. நினைவூட்டுக் கடிதங்களும் போயின, நகல்கள் தேதி வரிசையில் கோப்பில் இருக்கின்றன. பதில் வரவில்லை. ஜூனில் பள்ளி திறந்தது. சீருடை ஆர்டரை ஈரோட்டிலிருந்து வந்த ஒரு வியாபாரி எடுத்துக்கொண்டார்.