எல்லாரும் கொஞ்சம் வெளிய வாங்க

சனிக்கிழமை சாயங்காலம் 6.40 மணிக்கு, "எல்லாரும் பில்லிங்கை மூடிட்டு வெளிய வாங்க, பேக்கப் எடுக்கணும்" என்று கத்தினேன். எட்டு கம்ப்யூட்டர்களிடமிருந்தும் "சரி சார்" என்று பதில் வந்தது. இன்று செவ்வாய்க்கிழமை. பேக்கப் இன்னும் எடுத்தபாடில்லை.

நான் ஒரு மருந்து மொத்த விற்பனைக் கடையில் கணக்கு எழுதுகிறவன். பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை ஒருமுறை கிழியாமல் உருவி எடுத்துவிட்டேன். அந்தப் பாவத்துக்குக் கம்ப்யூட்டர் இலாகாவும் என் தலையில் விழுந்தது. பில், ஸ்டாக், பாக்கி மூன்றும் ஒரே ஒரு மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் ஃபைலில் இருக்கின்றன. 2009இல் ஒரு கல்லூரிப் பையன் செய்து கொடுத்தது. பையன் வெளிநாடு போய்விட்டான். ஃபைல் இங்கேயே தங்கிவிட்டது. 2 ஜிபி ஆனால் அதற்குமேல் ஆக்சஸ் வாங்காது. நாங்கள் 1.4இல் நிற்கிறோம்.

"ஓடும்போதே காப்பி பண்ணிக்க வேண்டியதுதானே?" என்று முதலாளி மகன் கேட்கிறார். பண்ணலாம். பந்தி நடக்கும்போதே இலை எண்ணுவது மாதிரி. இந்தக் கோடியில் தொடங்கி அந்தக் கோடிக்குப் போவதற்குள் இங்கே நாலு பேர் கை கழுவப் போயிருப்பார்கள், அங்கே ஆறு பேர் புதிதாக உட்கார்ந்திருப்பார்கள். எண்ணிக்கை என்று ஒன்று கையில் இருக்கும். அது எந்த நேரத்துப் பந்திக்கும் பொருந்தாது. போன வருஷம் அப்படி எடுத்த காப்பி ஒன்றைத் திறந்து பார்த்தேன். பில் நம்பர் இருந்தது, பில்லுக்குள் மருந்து இல்லை.

யாரோ உள்ளே இருக்கிறார்கள் என்பதற்கு அடையாளம், ஃபைலுக்குப் பக்கத்திலேயே முளைக்கும் பூட்டு ஃபைல். கடைசி ஆள் வெளியேறினால் அது தானாக மறையும். நோட்பேடில் திறந்தால் உள்ளே வந்த கம்ப்யூட்டர்களின் பெயர் தெரியும். ஆனால் போனவர் பெயரை அது அழிக்காது. சனிக்கிழமை அதில் எட்டுப் பெயரும் இருந்தன. அதில் ஒன்று, எட்டு வருஷத்துக்கு முன் வேலையை விட்டுப்போன சேல்ஸ் மேனேஜருடையது. அவர் கம்ப்யூட்டரில் இப்போது பில்லிங் அக்கா உட்கார்கிறார். பெயரை மாற்ற யாருக்கும் நேரமில்லை. யாருக்கும் என்றால், எனக்கு.

ஆட்கள் உள்ளே இருக்கும்போது இதைச் சமாளிக்க மூன்று வழிகள் உண்டு. மூன்றையும் சொல்கிறேன். அதற்குமுன் ஒரு விஷயம்.

நம் ஜனங்களை வெளியே போகச் சொல்வதே தப்பு. "போறேன்" என்று சொல்லக் கூடாது, "போயிட்டு வரேன்" என்றுதான் சொல்ல வேண்டும் என்று வளர்த்துவிட்டு, திடீரென்று லாக் அவுட் பண்ணு என்றால் எப்படிப் பண்ணுவார்கள்? வீட்டுக்கு விருந்தாளி மனைவியோடு வருகிறார். ஏழு மணிக்குத் தொடையில் இரண்டு தட்டு தட்டி, "அப்ப கிளம்பட்டா?" என்கிறார். இது அறிவிப்பு மட்டும்தான். "காபி குடிச்சிட்டுப் போங்க." குடிக்கிறார். எழுந்திருக்கிறார். எழுந்தவர் ஃபேனுக்கு அடியில் நின்று சம்பந்தி வீட்டு விவகாரத்தை ஆரம்பிக்கிறார். 7.25க்கு வாசற்படி. ஒரு காலில் செருப்பை மாட்டிவிட்டு, இன்னொரு கால் படியில் இருக்க, பையனுக்கு எந்தக் கல்லூரி என்று கேட்கிறார். அந்தம்மாவுக்குக் குங்குமம் கொடுக்க மறந்துபோய் எல்லோரும் மறுபடி உள்ளே போகிறார்கள். 7.50க்கு கேட். வண்டியை ஸ்டார்ட் செய்கிறார். ஓடுகிற வண்டியில் உட்கார்ந்தபடி, "ஆங், கேக்க மறந்துட்டேன், அந்தக் கீழத்தெரு வீடு என்னாச்சு?" நாம் சொல்லத் தொடங்க, பெட்ரோல் வீணாகிறதே என்று வண்டியை அணைக்கிறார். ஸ்டாண்டும் போடுகிறார். கொசு கடிக்கக் கடிக்க நிற்கிறோம். எட்டே காலுக்குத் தெருமுனையில் திரும்புகிறவர், வீடு போய்ச் சேர்ந்து போன் செய்கிறார். குடையை வைத்துவிட்டாராம்.

பில்லிங்கை மினிமைஸ் செய்வது இந்த ஒற்றைச் செருப்பு நிலைதான். திரையில் ஒன்றும் தெரியாது, ஆனால் ஆள் வாசற்படியில் நிற்கிறார். "மூடிட்டீங்களா?" என்றால் சத்தியமாக மூடிவிட்டதாகச் சொல்வார். கீழே பட்டையில் ஆக்சஸ் சிவப்பாகச் சிரிக்கும்.

ரயில்வேக்காரர்களைப் பாருங்கள். ஐஆர்சிடிசியில் ராத்திரி 11.45க்கு டிக்கெட் ஷட்டரை இறக்கிவிட்டு 12.20க்குத்தான் ஏற்றுகிறார்கள். யாரையும் "சார், கொஞ்சம் வெளிய வாங்க" என்று கெஞ்சுவதில்லை. எங்கள் கடையில் நான் கெஞ்சுகிறேன். டிஸ்க் போனால் முதலாளி என்னைத்தான் கேட்பார், ஒற்றைச் செருப்புக்காரர்களை அல்ல. இதை மட்டும் நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை.

முதல் வழி: ஒளிந்திருக்கும் ஃபார்ம் ஒன்றில் டைமர் வைத்து, நான் ஒரு டேபிளில் 'மூடு' என்று எழுதியதும் எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஆக்சஸ் தானாக மூடிக்கொள்ளச் செய்வது. செய்தேன். 60000 மில்லிசெகண்டு, அதாவது ஒரு நிமிஷம். பில்லிங் அக்கா நாற்பது வரி அடித்திருந்தபோது அது மூடியது. அவர் என்னிடம் பேசாமல் இருந்த பதினோரு நாளும் சம்பளச் சீட்டுக்குப் பிரிண்டர் கிடைக்கவில்லை. டைமரை எடுத்துவிட்டேன்.

இரண்டாவது வழி: போஸ்ட்கிரெஸ் மாதிரி ஒரு சர்வருக்கு மாறுவது. எல்லோரும் உள்ளே தட்டிக்கொண்டிருக்கும்போதே, ஒரு கணத்தைப் பிடித்து நிறுத்தியதுபோல் முழுப் பேக்கப் எடுக்கும். அதுவும் இலவசம். "நல்லாத்தானே ஓடுது?" என்றார் முதலாளி.

மூன்றாவதுக்கு வருவதற்குள் குடோன் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை ஏழு பேரை ஒருவழியாக வெளியேற்றியும் பூட்டு ஃபைல் போகவில்லை. குடோன் அண்ணன் அறையைப் பூட்டிக்கொண்டு, மச்சான் மகள் காதுகுத்துக்குக் கம்பம் போய்விட்டார். சாவி அவரிடம், போன் ஸ்விட்ச் ஆஃப். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. கரண்ட் போனாலும் அணையாது. இன்வெர்ட்டர் போட்டுக் கொடுத்தவன் நான். திரை அணையாமல் இருக்க ஏற்பாடு செய்தவனும் நானே. "அடிக்கடி கண்ணை மூடிக்குது தம்பி" என்று அண்ணன் குறைபட்டார். நெட்வொர்க் கேபிளை உருவலாம்தான். உருவினால் 1.4 ஜிபியும் என்ன கதியாகும் என்று நினைத்தால் கை நடுங்குகிறது.

ஜன்னல் கண்ணாடி வழியாக மொபைல் கேமராவை ஜூம் செய்து பார்த்தேன். புது ஆர்டர் ஒன்று பாதியில் நிற்கிறது. பக்கத்தில் அந்தக் குட்டிப் பென்சில்: அடித்தது இன்னும் சேவ் ஆகவில்லை என்று அர்த்தம். கடைப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'ஸ்ரீ ம' என்று மட்டும் இருக்கிறது.

சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் குடோனுக்குப் போன் செய்து ஆர்டர் சொல்லிக்கொண்டிருந்த, 'ஸ்ரீ ம' என்று தொடங்கும் மருந்துக்கடைக்காரர் இதைப் படித்தால், அண்ணனின் வேறு நம்பர் ஏதாவது உங்களிடம் இருக்கிறதா என்று தயவுசெய்து பாருங்கள்.