ஆம்ப் பிரித்த படலம்

கல்லூரி நாளில் மெல்லிசைக் குழுவில் ரிதம் கிதார் வாசித்து, பிறகு வங்கியிலோ மின்வாரியத்திலோ உட்கார்ந்து, ஐம்பதைத் தாண்டியதும் பரணில் கிடந்த கிதாரை இறக்கித் துடைத்தவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. அவர்களில் ஒரு சாரார் வாசிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. இன்னொரு சாரார், பழைய டிரான்சிஸ்டர் ஆம்ப்பின் சுவிட்சைப் போட்டதும் எழுகிற “ஊம்ம்” சத்தத்திலேயே தங்கிவிடுகிறார்கள். நம்மவர் இந்த இரண்டாம் கட்சி.

“கடையில குடுத்துடலாமேங்க” என்பார் வீட்டம்மா.

“சின்ன வேலைம்மா. ஒரு கெபாசிட்டர்தான்.”

இதைச் சொல்லும்போது அவர் ஆம்ப்பின் பின்பலகையைக்கூடத் தொட்டிருக்க மாட்டார். சாப்பாட்டு மேசையில் பழைய பேப்பர் விரியும். அதன்மேல் ஆம்ப் குப்புறப் படுக்கும். அன்று முதல் குடும்பம் தரையில் உட்கார்ந்து சாப்பிடும். அதற்கும் அவரிடம் ஒரு மருத்துவக் காரணம் இருக்கும்.

ஒன்றும் தெரியாமல் கைவைக்கிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். நன்றாகவே தெரியும், வீட்டாருக்கு அதுதான் கஷ்டம். அந்த “ஊம்”மை வைத்தே ஜாதகம் கணித்துவிடுவார். முதலில் வால்யூமைப் பூஜ்யத்துக்குத் திருப்புவார். சத்தம் அடங்கினால் கோளாறு முன்பக்கத்தில்: கேபிள், ஜாக், பிரீஆம்ப். அடங்காவிட்டால் பவர் சப்ளையிலோ அவுட்புட்டிலோ. அடுத்து கிதாரைச் செருகாமலே மடியில் வைத்து, ஆறாவது கம்பியின் மூன்றாவது ஃபிரெட்டை அழுத்தி ‘ஜி’யை மீட்டுவார். நம் வீட்டுக்கு வருகிற மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதை டயோடுகள் டிசியாக்கும்போது ஒழுங்காக வடிகட்டாவிட்டால் மிச்சம் நிற்கும் அலை 100 ஹெர்ட்ஸ். அந்த ‘ஜி’ 98. இரண்டும் சேர்ந்து விட்டுவிட்டு விம்மினால் வடிகட்டும் கெபாசிட்டர் வறண்டுபோச்சு. ஹம் ஒரு ஸ்தாயி கீழே கேட்டால் எர்த்தையோ கேபிளின் ஷீல்டையோ பார்க்க வேண்டும்.

வீணை கற்ற மாமியார் உள்ளிருந்து, “சுருதி சேரலியே மாப்ளே” என்பார்.

“சேராம இருக்கற அந்த ரெண்டு ஹெர்ட்ஸ்தான் அத்தை நமக்குச் சாட்சி!”

கணிப்பு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அன்று மாலையே 4700 எம்எஃப்டி கெபாசிட்டர் இரண்டை மாற்றிப் பத்தவைத்து மூடிவிடலாம். ஆனால் திறந்த இடத்தில் வந்த வேலையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிற மனசு அவருக்கு இல்லை. மூக்குக் கண்ணாடிக்கு மேல் பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு போர்டைப் பார்ப்பார். ஆப்-ஆம்ப் ஐசிகளுக்கு 15 வோல்ட்டாக இறக்கிக் கொடுக்கும் ரெசிஸ்டர் சூட்டில் பழுப்பேறியிருக்கும். ஜாக்கின் கால்கள் நேராக போர்டிலேயே நிற்பதால், ஒவ்வொரு முறை பின் செருகும்போதும் அசைந்து அசைந்து, சால்டரைச் சுற்றி மெல்லிய வளையமாக வெடிப்பு விட்டிருக்கும். “டிரை சால்டர்!” என்று கூவுவார். பக்கத்து வீட்டில் யாருக்கோ நல்லது நடந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள்.

பிறகு ஃபியூஸைக் கழற்றிப் பார்ப்பார். அதில் சிகரெட் டப்பாவின் வெள்ளித்தாள் சுற்றியிருக்கும். “எவனோ கைவச்சிருக்கான்” என்று அந்த முகம் தெரியாத மெக்கானிக்கின் மூன்று தலைமுறையை இழுப்பார். இந்த ஒரு கோபத்தில் நான் முழுக்க அவர் கட்சி. ஃபியூஸ் எரிவது ஆம்ப்பைக் காப்பாற்றத்தான். அதற்கு வெள்ளித்தாள் கட்டினால், அதற்குப் பதிலாக டிரான்ஸ்ஃபார்மர் எரியும்.

டிரான்சிஸ்டர் ஆம்ப்தானே என்று யாராவது இளக்காரமாகச் சொல்லிவிட்டால் போச்சு. வால்வு ஆம்ப் மாதிரி வருமா என்று கேட்டவரை வாசலிலேயே நிறுத்தி, ரோலண்ட் ஜேசி-120 வந்தது 1975-ல், அதில் ஒரு வால்வு உண்டா சொல்லுங்கள் என்பார். ‘என்ன கோளாறு?’ என்று சாதாரணமாகக் கேட்டாலும் டிரான்சிஸ்டர் பிறந்த கதையை 1947 டிசம்பர், பெல் ஆய்வகம், பார்டீன், பிராட்டைன் என்றுதான் தொடங்குவார். ஷாக்லி வருவதற்குள் கேட்டவருக்குப் பேருந்து வந்துவிடும்.

அவருடைய தைரியத்துக்கும் டிரான்சிஸ்டரே காரணம். வால்வு ஆம்ப்புக்குள் 400 வோல்ட்டுக்கு மேல்கூட நிற்கும். இதில் பெரும்பாலும் 30, 40 வோல்ட். ஆனாலும் சுவிட்ச் வரைக்கும், ஃபியூஸ் வரைக்கும், டிரான்ஸ்ஃபார்மர் வரைக்கும் வருவது அதே 230 என்று அவருக்குத் தெரியும். பிளக்கைப் பிடுங்கிய பிறகே கைவைப்பார். கெபாசிட்டரில் மிச்சம் நிற்பதை ஒரு ரெசிஸ்டர் வைத்து இறக்குவார். ஸ்க்ரூ டிரைவரால் பட்டென்று ஷார்ட் செய்து பொறி பறக்கவிடுகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது.

அவருடைய சொத்துகளில் முதன்மையானது சீரியல் பல்பு. 100 வாட் குண்டு பல்பு ஒன்றை, ஆம்ப்புக்குப் போகிற மின்சாரத்தின் வழியில் சீரியலாகக் கோத்து, மரப்பலகையில் ஹோல்டரோடு அறைந்து வைத்திருப்பார். சுவிட்சைப் போட்டதும் பல்பு பளிச்சென்று மின்னி மங்கினால் உள்ளே நலம். மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ ஷார்ட். ஆனால் எரிவது பல்புதான், டிரான்சிஸ்டர் தப்பிக்கும். பல்பு எரிகிற நாளில் அவர் முகம் இருண்டுவிடும். எல்இடி வந்த பிறகு குண்டு பல்பு கிடைப்பது அரிதாகிவிட்டதால் அரிசிப் பானைக்குப் பின்னால் சேமித்து வைத்திருக்கிறார். கொலுவுக்கு ஒன்று கேட்ட மகளுக்கே தரவில்லை.

ஸ்பீக்கரை இணைப்பது தனிச் சடங்கு. ஒன்றரை வோல்ட் பேட்டரியைத் தொட்டெடுத்தால் ‘டப்’ என்ற சத்தம் வர வேண்டும். எட்டு ஓம் என்று எழுதியிருக்கிற ஸ்பீக்கர் மீட்டரில் ஆறோ ஏழோ காட்டும், அதுதான் சரி என்று கேட்காமலே விளக்குவார். அதற்கும் முன்னால் ஆம்ப்பின் அவுட்புட்டில் எவ்வளவு டிசி நிற்கிறது என்று அளப்பார். சில பத்து மில்லிவோல்ட் என்றால் மன்னிப்பு. அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகியிருந்தால் சப்ளை வோல்டேஜ் முழுசாக வந்து நிற்கும். ஸ்பீக்கரின் வாய்ஸ் காயில் பாடாமல் கருகும். இதைச் சொல்லும்போது அவர் கை தானாக நெஞ்சுக்குப் போகும்.

உதிரி பாகம் வாங்க சென்னை ரிச்சி தெருவுக்குப் போகிற நாளில் அவரைப் பார்க்க வேண்டும். சலவைச் சட்டை, சட்டைப்பையில் செத்த டிரான்சிஸ்டர், முகத்தில் மாப்பிள்ளைக் களை. ஒரு ரெசிஸ்டர் கேட்டால், “ஒண்ணு ரெண்டெல்லாம் தர்றதில்ல சார், பத்தா வாங்கிக்கோங்க” என்பான் கல்லாப் பையன். இப்படிச் சேர்ந்த ஒன்பதொன்பது ரெசிஸ்டர்கள் வீட்டில் பிஸ்கட் டப்பாக்களை நிறைத்திருக்கின்றன. டூ என் 3055 டிரான்சிஸ்டர் வாங்கும்போது மட்டும் அவர் யாரையும் நம்புவதில்லை. உலகம் முழுக்கப் போலி உலவுகிற சரக்கு அது. உள்ளங்கையில் எடை பார்ப்பார், நகத்தால் எழுத்தைச் சுரண்டுவார். எரிந்துபோனதை வீட்டில் ஆக்ஸா பிளேடால் அறுத்து, உள்ளே சிலிக்கன் துண்டு எத்தனை பெரியது என்று பார்ப்பார். கடுகளவு இருந்தால் போலி. குடும்பத்தாரை ஒவ்வொருவராக அழைத்துக் காட்டுவார். பார்க்காமல் தப்ப முடியாது.

திரும்ப மூடும் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரண்டு ஸ்க்ரூ மிஞ்சும்.

சென்ற மாதம் எதிர்வீட்டுத் தம்பி தன் ஆம்ப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். வாசிக்கும்போதே சத்தம் குறைந்து, போய், வருகிறதாம். நம்மவர் கண் மின்னியது. பேப்பரை எடுக்க உள்ளே போனார். போகிற போக்கில், “பின்னாடி செண்ட், ரிட்டர்ன்னு ரெண்டு ஓட்டை இருக்கும், சின்ன கேபிள் ஒண்ண ரெண்டுத்துக்கும் நடுவுல போட்டுப் பாரு” என்று அனிச்சையாகச் சொல்லிவிட்டார். ரிட்டர்ன் ஜாக்குக்குள் இருக்கும் சின்னத் தகடு அழுக்கேறினால் சிக்னல் அங்கேயே அறுந்துபோகும். கேபிள் அதற்குச் சுற்றுவழி. தம்பி போட்டான். சத்தம் கணீரென்று வந்துவிட்டது. “சூப்பர் அங்கிள்!” என்று ஆம்ப்பைத் தூக்கிக்கொண்டு அவன் கிளம்ப, இவர் கையில் விரிக்காத பேப்பரோடு நின்றார்.

இரவு சாப்பாடு இறங்கவில்லை. ஒன்பதரைக்கு போனை எடுத்தார்.

“தம்பி, அது தற்காலிகம்தான்ப்பா. அந்தக் கான்டாக்ட்ட சுத்தம் பண்ணணும். ஞாயித்துக்கிழமை கொண்டுவந்துடு, உள்ள ஒரு தடவை பாத்துடலாம்… ஸ்க்ரூ டிரைவர்லாம் வேணாம், என்கிட்டயே பதினாலு இருக்கு.”