டாஷ்போர்டைத் தட்டுபவர்கள்

நடுத்தர செடான்களை ஒப்பிடப் போகிறவர்கள் முதலில் டாஷ்போர்டைத் தட்டிப் பார்ப்பார்கள். விர்ட்டஸில் கெட்டி பிளாஸ்டிக், சிட்டியில் மெத்தென்று இருக்கிறது என்று தீர்ப்பு வரும். டாஷ்போர்டைத் தடவிக்கொண்டே வண்டி ஓட்டுகிறவர் யாரோ!

2023-இல் வந்த வெர்னாவின் உயர்ரக மாடலில் முன்சீட்டைக் குளிர வைக்கலாம், சூடேற்றவும் செய்யலாம். மே மாதச் சென்னையில் இரண்டாவது வேலையைச் சூரிய பகவானே இலவசமாகச் செய்து தருகிறார்.

வீல்பேஸ் வெர்னாவில் 2,670 மி.மீ., சிட்டியில் 2,600. இந்த ஏழு சென்டிமீட்டருக்காகச் சண்டை போடுகிறவர்கள் யாரும் பின்சீட்டில் நடுவே உட்காருவதில்லை. அங்கே தரையில் ஒரு மேடு. அதற்கு இருபுறமும் காலைப் பிரித்து வைத்து, மடக்கிய கைதாங்கி முதுகில் உறுத்த, ஏசி காற்றை முழங்காலில் மட்டும் வாங்கிக்கொண்டு சித்தப்பா சொல்வார்: "எனக்கென்னப்பா, சௌகரியமாத்தான் இருக்கு." பெட்ரோல் போட நிறுத்தும்போது முதலில் இறங்குவதும் அவர்தான்.

வெளிர் நிற லெதருக்கு மயங்கி வாங்கியவர், பிள்ளை கையில் மிக்சர் பொட்டலத்தைப் பார்த்ததும் கறுப்பு உறை தைக்கக் கொடுத்துவிடுவார். ஷோரூம் பாலித்தீனையே உரிக்காதவர்களும் உண்டு. அவர்களுக்கு எல்லாக் கம்பெனி சீட்டும் ஒரே வழுக்கல்தான்.