செட்டு அண்ணன்

இன்சூரன்ஸ் என்றைக்கு முடிகிறது என்று கேட்டால், "வூட்ல கேட்டுச் சொல்றனுங்க" என்பார். எஃப்.சி. எப்போது என்றால் புரோக்கரைக் கை காட்டுவார். வலது கதவு ஸ்பீக்கரின் காந்தம் எத்தனை அவுன்ஸ் என்று கேளுங்கள், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பதில் வரும். இடது கதவுக்குத் தனிக் கணக்கு. அது வேறு கம்பெனி.

நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி வட்டாரத்தில் ஊருக்கு ஒருவராவது இப்படி இருப்பார். சொந்தமாக ஒரே ஒரு லாரி, ஓட்டுவதும் அவரே. பத்து வீல் வண்டி, வயது இருபதைத் தாண்டிவிட்டது. லாரி ஸ்டாண்டில் 'செட்டு அண்ணன்' என்றால்தான் தெரியும். வண்டியில் செட்டு வைத்ததால் வந்த பெயர் அல்ல. வைக்கிற வேலை இன்னும் முடியாததால் வந்த பெயர்.

கார்க்காரர்களுக்கு இது அரை மணி நேர வேலை. கம்பெனியே கதவில் வட்டமாக இடம் விட்டு, வயரும் இழுத்துக் கொடுத்திருக்கும். பழைய லாரிக்கு அந்தச் சலுகை கிடையாது. அப்போதெல்லாம் கம்பெனியிலிருந்து சேசிஸும் முன்முகமும்தான் வரும். கேபின், கதவு, பாடி எல்லாம் நாமக்கல் பட்டறையில் கட்டியவை. மரச்சட்டம், வெளியே தகடு, உள்ளே பிளைவுட், அதன்மேல் பொத்தான் தைத்த ரெக்சின். ஆசாரி காலையில் செய்த கதவும் மாலையில் செய்த கதவும் ஒரே ஆழத்தில் இருக்கவேண்டும் என்று சட்டம் ஏதுமில்லை. அந்தக் கதவுக்குக் கொடுக்கப்பட்ட வேலைகள் மூன்றுதான்: திறப்பது, மூடுவது, கண்ணாடியை உள்ளே வாங்கிக்கொள்வது. மூன்றாவது வேலையில்தான் அண்ணனுக்கும் கதவுக்கும் முதல் தகராறு.

ஸ்பீக்கர் வாங்கிய அன்றே ஓட்டை போட்டாகவேண்டும் என்பது அண்ணனின் கொள்கை. ஆறு இஞ்ச் ஸ்பீக்கர், பின்னால் கனத்த காந்தம். எலக்ட்ரீசியன் பையன் ஜிக்சாவைக் கையில் எடுத்துவிட்டுத் தயங்கினான்.

"கண்ணாடிய ஒருக்கா முழுசா இறக்கிப் பாத்துரலாமுங்ணா."

"அதெல்லாம் பாத்தாச்சு, நீ போடு."

போட்டான். நாலு ஸ்க்ரூ, மேலே பளபளக்கும் வலை, வலையைச் சுற்றி நீல விளக்கு. பாட்டும் வந்தது. மறுநாள் வெயிலேறியதும் அண்ணன் கண்ணாடியை இறக்கினார். பாதி வழியில் 'டக்'. காந்தத்தின் முதுகில் கண்ணாடி உட்கார்ந்துகொண்டது. அன்றிலிருந்து அந்த ஜன்னல் பாதிதான் திறக்கும். 2021 பிப்ரவரியில் டோல்கேட்டுகளில் பாஸ்டேக் கட்டாயமானபோது ஸ்டாண்டில் எல்லோரும் புலம்பினார்கள், அண்ணன் மட்டும் வரவேற்றார். கையை வெளியே நீட்டிக் காசு கொடுக்கும் சிரமம் ஒழிந்தது. 2025 அக்டோபர் முதல் தயாராகும் புது லாரிகளுக்கு ஏ.சி. கேபின் கட்டாயம். அண்ணனின் வண்டிக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. கர்னூல் வெயிலை அவர் பாதிக் கண்ணாடியிலேயே கடக்கிறார்.

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. ஒரு இஞ்ச் பிளைவுட்டில் ஒரு வளையம் வெட்டி, அதை வைத்து ஸ்பீக்கரை முன்னால் தள்ளி மாட்டினால் காந்தம் கண்ணாடியின் பாதையை விட்டு விலகிவிடும். பையன் சொன்னான்.

"அந்த வளையம் வெளிய தெரியுமா?"

"இல்லீங்ணா, ரெக்சினுக்குள்ளார போயிருமுங்."

"அப்பறம் எதுக்கு?"

அண்ணனைப் புரிந்துகொள்ள இந்த ஒரு கேள்வி போதும். அவருக்குச் செலவு இரண்டு வகை: காட்டக்கூடிய செலவு, காட்டமுடியாத செலவு. நீல விளக்கு முதல் வகை. கிரீஸ், வளையம், ஃப்யூஸ், பிரேக் லைனிங் எல்லாம் இரண்டாம் வகை. முதல் வகைக்குக் கடன் வாங்குவார். இரண்டாம் வகைக்குக் கையில் காசு இருந்தாலும் யோசிப்பார்.

பாஸ் வரவில்லை என்பது அடுத்த மனக்குறை. ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு முன்னால் தள்ளும்போது ஒரு சத்தம், அதே நேரம் பின்பக்கம் அதற்கு நேர் எதிரான சத்தம். கதவு பெட்டியாக அடைபட்டிருந்தால் பின்சத்தம் உள்ளேயே அடங்கும். அண்ணனின் கதவில் பழைய ஹேண்டில் இருந்த ஓட்டை, ரெக்சின் கிழிசல், எலி கடித்த இடம் என்று ஆயிரம் வாசல். பின்சத்தம் சுற்றிவந்து முன்சத்தத்தைத் தின்றுவிடுகிறது. ஓட்டைகளை அடைத்து, தகட்டின் உள்பக்கம் தார் ஷீட் ஒட்டினால் பாதிக் குறை தீரும். ஆனால் தார் ஷீட் கதவுக்குள் போகிற சாமான். யாரைக் கூப்பிட்டுக் காட்டுவது? அண்ணன் ஆம்ப்ளிஃபயர் வாங்கினார்.

அவர் வாங்கும் முறையே தனி. மற்றவர்கள் வாடகை பார்த்து லோடு பிடிப்பார்கள், அண்ணன் கடைவீதி பார்த்துப் பிடிப்பார். சென்னை லோடு என்றால் ரிச்சி ஸ்ட்ரீட், பெங்களூர் என்றால் எஸ்.பி. ரோடு. டெல்லிக்கு என்றால் வாடகையைப் பற்றிப் பேச்சே எடுக்கமாட்டார், அங்கே லஜ்பத் ராய் மார்க்கெட் இருக்கிறது. இத்தனை முறை டெல்லி போனாரே, செங்கோட்டையைப் பார்த்தாரா என்று ஒருவர் கேட்டார். "அந்த மார்க்கெட்டுக்கு எதுத்தாப்புல செவப்பா ஒரு செவுரு போவுமே, அதுங்களா?" என்றார் அண்ணன். முட்டை லோடு மட்டும் அவருக்குப் பிடிக்காது. கோழிப்பண்ணைக்காரர் ஒருவர் ஏற்றிவிட்டு, "அந்த பாஸக் கொஞ்சம் கொறச்சுட்டுப் போங்க" என்று சொன்னதிலிருந்து அந்த மனத்தாங்கல்.

வாங்கிவந்த ஆம்ப்ளிஃபயரின் மேல் 1200 வாட்ஸ் என்று தங்க எழுத்தில் எழுதியிருந்தது. அதன் கீழே, எறும்பு மட்டும் படிக்கும் அளவில், பி.எம்.பி.ஓ. என்று நான்கு எழுத்து. ஒரு கணப்பொழுது உச்சத்தில் எல்லாம் கூடினால் எவ்வளவு இருக்கலாம் என்ற கற்பனைக் கணக்கு அது. தொடர்ந்து கொடுக்கும் சக்தியை ஆர்.எம்.எஸ். என்பார்கள், அதைத் தங்க எழுத்தில் யாரும் அச்சடிப்பதில்லை. 12 வோல்ட்டில் 1200 வாட்ஸ் என்றால் 100 ஆம்பியர் ஓடவேண்டும். அண்ணன் வயரில் போட்டிருந்த ஃப்யூஸ் 10 ஆம்பியர். அது இன்றுவரை ஒருமுறைகூட உருகவில்லை. அந்தச் சின்னக் கம்பி சொல்லும் உண்மையை அண்ணன் தரத்துக்கு அத்தாட்சியாக எடுத்துக்கொண்டார்: "பாத்தீங்ளா, ஃப்யூஸே போவாது!"

அந்த 12 வோல்ட் எங்கிருந்து வந்தது என்பது இன்னொரு கதை. வண்டி 24 வோல்ட், இரண்டு பேட்டரியைத் தொடராகக் கோத்தது. செட்டுக்கு வேண்டியது 12. நடுவில் ஒரு கன்வர்ட்டர் போடவேண்டும். அதுவும் சீட்டுக்கு அடியில் போகிற சாமான். ஆகவே இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் நேராக வயர் இழுத்தாயிற்று. அந்தப் பேட்டரி நாளெல்லாம் பாட்டுக்கு உழைத்து இளைக்கிறது, இன்னொன்று அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறிக் கொதிக்கிறது. விடிகாலையில் சாவி போட்டால் இன்ஜின் முனகிவிட்டு நின்றுவிடும். செட்டு மட்டும் கணீரென்று பாடும். அண்ணன் பேட்டரிக் கடைக்காரரைத் திட்டுவார்.

எர்த் வயரைத் துருப்பிடித்த தகட்டில் கட்டியதால், ஆக்சிலேட்டரை அழுத்தும்போதெல்லாம் ஸ்பீக்கரில் மெல்லிசாக ஒரு 'உய்ய்ய்' ஏறும். இது டைனமோவின் இரைச்சல். அண்ணன் ஒப்புக்கொள்வதில்லை. "ராஜா சார் புல்லாங்குழல் உட்ருக்காரு. சாதா செட்டுல இது கேக்காது."

இத்தனையும் யாருக்காக? ஓட்டும்போது அவருக்கே சரியாகக் கேட்காது. பாதி இன்ஜின் கேபினுக்குள், பானட்டுக்கு அடியில் இருக்கிறது. அதன் உறுமல், டயர் சத்தம், காற்று எல்லாம் சேர்ந்து பாஸை விழுங்கிவிடும். வலது ஸ்பீக்கர் அண்ணனின் முழங்காலுக்குப் பாடுகிறது, இடது ஸ்பீக்கர் கிளீனரின் கால் கட்டைவிரலுக்கு. பேலன்ஸை வலப்பக்கம் திருப்பினால் கிளீனருக்குப் பாட்டு இல்லை, நடுவில் வைத்தால் அண்ணனுக்குத் திருப்தி இல்லை. செட்டுக்கு மெய்யான அரங்கேற்றம் டீக்கடையில்தான். இன்ஜினை அணைத்து, இரண்டு கதவையும் விரியத் திறந்துவிட்டு, டீயோடு பத்தடி தள்ளி நின்று, கேட்பவர்களின் முகத்தைப் பார்ப்பார்.

சத்தம் ஏற ஏற வண்டியின் வயதும் வெளியே வந்தது. முதலில் லாக் ராடு ஆடியது, பிறகு கிளாஸ் மெஷின், பிறகு பீடிங். மடித்த சிமெண்ட் சாக்கு, ஸ்பாஞ்ச், பழைய கேசட் அட்டை என்று ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒன்று செருகினார். வீட்டம்மா ஒருநாள் கேபினில் ஏறிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, கதவுக்குப் பஞ்சு மெத்தையே தெச்சுரலாமுங்ளே" என்றார். அண்ணன் அதை யோசனையாகவே எடுத்துக்கொண்டு குஷன் கடையில் விலை கேட்டு வந்தார்.

கடைசியில் அண்ணன் சங்ககிரியில் வயதான எலக்ட்ரீசியன் ஒருவரிடம் வண்டியைக் காட்டினார். அவர் ஆம்ப்ளிஃபயரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வலது ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு வயரை உருவி, டார்ச் லைட் செல் ஒன்றில் தொட்டார். 'தப்' என்று கூம்பு வெளியே துள்ளியது. இடது பக்கத்து வயரை அதேபோல் தொட்டார். 'தப்', கூம்பு உள்ளே போனது.

"ஒண்ணு தள்ளுது, ஒண்ணு இழுக்குது. எப்படீங்க பாஸ் வரும்?"

இடது பக்கத்து பிளஸ்ஸையும் மைனஸ்ஸையும் மாற்றி முறுக்கி, டேப் சுற்றினார். வந்தது பாஸ். பானட் மேல் இருந்த டீ டம்ளர் நடுங்கியது. கூலி எவ்வளவு என்றதற்கு, "இதுக்கென்னத்த வாங்கறது" என்று உள்ளே போய்விட்டார். அண்ணனுக்குச் சந்தோஷம் வரவில்லை. இத்தனை காலக் கோளாறு ஒன்றரை வோல்ட் செல்லில் தீர்ந்தது என்று ஸ்டாண்டில் எந்த முகத்தோடு சொல்வது? அடுத்த வாரமே சீட்டுக்குப் பின்னால் சப்-ஊஃபர் வந்துவிட்டது.

அதன் பிறகு ஒருமுறை வடக்கே லோடு போய்த் திரும்பும்போது, லைனை விட்டு ஓய்வுபெற்றிருந்த பெரியவர் ஒருவர் சேலம் வரைக்கும் கூட ஏறினார். நாற்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்தவர். கியர் மாற்றும்போதெல்லாம் 'டங்' என்று ஒரு சத்தம் வந்தது. அண்ணன் ஸ்பாஞ்ச் துண்டு ஒன்றைத் தேடி எடுத்து இடது கதவில் செருகச் சொன்னார். தொப்பூர் கணவாய்க்கு முன்னால் பெரியவர் வாயைத் திறந்தார்.

"தம்பி, செட்ட அமத்து."

அமத்தினார். அப்போதுதான் அந்த லாரியின் குரல் கேபினுக்குள் வந்தது. பெரியவர் கண்ணை மூடிக் கேட்டார். "பின்னால எங்கியோ காத்து ஒழுவுது. அதையும் பாக்கணும். மொதல்ல ஓரங்கட்டு."

வண்டிக்கு அடியில், இன்ஜினின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கட்டையின் ஜாயிண்ட் கிராஸைச் சுற்றிச் செம்மண் நிறத்தில் துருப்பொடி அப்பியிருந்தது. கிரீஸ் பார்த்து எத்தனை காலமோ, உள்ளே ஊசிகள் பொடியாகியிருந்தன. இன்னும் கொஞ்ச தூரத்தில் கட்டை ரோட்டில் விழுந்திருக்கும், அதுவும் தொப்பூர் இறக்கத்தில். "நான் கதவுன்னு நெனச்சனுங்க" என்றார் அண்ணன். பெரியவர் பதில் சொல்லவில்லை. கிராஸ் மாற்றி முடியும்வரை டீக்கடையில் உட்கார்ந்து, சேலத்துக்குப் பஸ் ஏறிப் போய்விட்டார்.

அண்ணனை மாற்ற முடியாது. மாற்றிய கிராஸையும் அவர் யாரிடமும் காட்டவில்லை. அது வண்டிக்கு அடியில் இருக்கிறது.

பழைய வண்டிக்குச் செட்டு வைக்கப்போகிற மற்றவர்களுக்குச் சொல்லலாம். கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, அதற்கும் கதவுப் பலகைக்கும் நடுவே எவ்வளவு இடம் என்று அளந்த பிறகு ஓட்டை போடுங்கள். கதவின் மற்ற ஓட்டைகளை அடையுங்கள். கீல் பக்கம் வயர் போகிற இடத்தில் ரப்பர் புஷ் போடுங்கள், இல்லாவிட்டால் தகடு வயரை அறுக்கும். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ் வையுங்கள். 24 வோல்ட் என்றால் கன்வர்ட்டர். பிளஸ்ஸுக்கு பிளஸ். இவ்வளவும் செய்தால் சாதாரண ஸ்பீக்கர் ஒரு ஜோடியே போதும். பாட்டைக் கேட்கலாம், பக்கத்தில் இருப்பவரோடு பேசலாம், வண்டி பேசுவதும் காதில் விழும். இதற்கெல்லாம் முன்னால், கிராஸுக்குக் கிரீஸ் அடித்துவிடுங்கள்.